தரை பார்க்கிற குதிகால்

குதிகால் வலிக்காரர்களை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் ஜீப்பை விட்டு இறங்கி இந்த மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு தடவை வலது குதிகாலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டீர்கள். காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி உயிர் போகும், அப்புறம் தேவலையாகும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். சரிதானே. பயப்படாதீர்கள், உங்களை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லமாட்டேன். மெத்தென்ற செருப்பாக வாங்கிப் போடுங்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துப் பாதத்துக்கு அடியில் உருட்டுங்கள். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால் பத்தில் எட்டுப் பேருக்கு ஊசியே தேவைப்படாது.

சாத்தூரில் எலும்பு டாக்டர் சுந்தரபாண்டியிடம் பத்தொன்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். அவர் ஒவ்வொரு நோயாளியிடமும் இதைத்தான் முதலில் சொல்வார். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்கள். "ஊசி போடமாட்டீகளா டாக்டர்?" மனிதர்கள் மேல் எனக்கிருந்த மரியாதை அந்தக் கிளினிக்கில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர் காலமான பிறகு வெம்பக்கோட்டை ரோட்டில் இந்த இடத்தைப் பிடித்து உட்கார்ந்தேன். பலகையில் டாக்டர் என்று எழுதவில்லை, வேண்டுமானால் போய்ப் பாருங்கள். மணிமுத்து கிளினிக் என்று மட்டும்தான் இருக்கும். டாக்டர் பட்டம் இந்த ஜனங்கள் கொடுத்தது.

ஆக, நான் எம்.பி.பி.எஸ். படிக்கவில்லை. யாரோ ஒருவர் மனுப் போட்டதற்காக, அதைத் தெரிந்துகொள்ள விருதுநகர் கலெக்டர் அலுவலகத்திலிருந்து நீங்கள் இத்தனை தூரம் வந்திருக்கிறீர்கள். உங்கள் படிவத்தில் முதல் பத்துக் கேள்விக்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். பதினோராவது கேள்வி, என் சிகிச்சையால் யாருக்காவது பாதிப்பு உண்டா என்பது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே 'இல்லை' என்று எழுதப் போனீர்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, புரிகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரி போதாது. கொஞ்சம் உட்காருங்கள்.

பட்டாசுக் கம்பெனியில் செருப்புக்கு இடமில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். வெடிமருந்து நிரப்புகிற அறைக்குள் போகிற பெண்கள் வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு போவார்கள். உலோகம் உரசினால் பொறி. செருப்பில் ஒட்டி வரும் மணல் உரசினால் பொறி. அதனால் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை வெறுங்கால்தான். இந்தப் பக்கம் பாதிப் பேருக்குக் குதிகால் வலி இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நான் சும்மா ஒரு பேச்சுக்கு, "மெத்துச் செருப்பு போடு" என்பேன். "அதைப் போட்டுக்கிட்டு எங்கன டாக்டரு போறது?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. சிரித்து முடித்துவிட்டுக் காலை நீட்டுவார்கள். நானும் போடுவேன்.

ஊசியில் இருப்பது இரண்டு மருந்து. ஒன்று ஸ்டீராய்டு. அது வீக்கத்தை அடக்கும், ஆனால் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். மற்றது மரக்கவைக்கும் மருந்து. அது சில நிமிஷத்தில் வேலை செய்யும், சில மணி நேரத்தில் போய்விடும். நோயாளி கையெடுத்துக் கும்பிடுவது இரண்டாவதைத்தான். வந்தபோது நொண்டினோம், போகும்போது நன்றாக நடக்கிறோம், இந்த ஆள் கடவுள் என்று நினைத்துக்கொள்வார்கள். படித்த டாக்டர்களே அந்தக் கும்பிடுக்கு மயங்குவார்கள். அந்த மரக்கவைக்கும் மருந்தில் நீளமாக வேலை செய்கிற ரகம் ஒன்று உண்டு. காலையில் போட்டால் பொழுது சாய்கிறவரை நிற்கும். நான் அதைத்தான் வாங்கி வைத்திருந்தேன். ஆறரை மணிக்குக் கம்பெனி வேன் வருவதற்குள் பத்துப் பேருக்குப் போட்டு அனுப்பிவிடுவேன். சாத்தூரிலும் சிவகாசியிலும் ஊசிக்குக் கத்துகிறவர்கள் என்னிடம் கத்தமாட்டார்கள். வலிக்காத ஊசி என்று எனக்குப் பெயர்.

தங்கச்சாமி வந்தது ஆனி மாதத்தில். ஐம்பத்து நாலு வயது, இரண்டு குதிகாலிலும் வலி. கிழக்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கிற ஒரு கம்பெனியில் வேலை. பெயர் எதற்கு, உங்கள் அலுவலகத்தில் அந்த விபத்தின் கோப்பு இருக்கும். அவர் மனைவி இருளம்மாளும் அங்கேயேதான், மருந்து நிரப்புகிற அறையில். ஒரே மகள் சினேகா சாத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி பிள்ளையைப் பற்றிப் பேசாமல் அவரால் ஐந்து நிமிஷம் இருக்க முடியாது.

அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் அப்பா பெத்தணனுக்கு வைப்பாற்றுப் பக்கம் பதினாலு ஏக்கர் மானாவாரி. தங்கச்சாமியின் அப்பா எங்கள் புஞ்சைக் காட்டில்தான் வேலை செய்தார். மழை இல்லாமல் போனபோது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போய்ச் சம்பளக்காரர்கள் ஆனார்கள். நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஒரு டாக்டரின் கைக்குக் கீழே பஞ்சு எடுத்துக் கொடுக்கப் போனேன். இதை வேறெதற்காகவும் சொல்லவில்லை. எனக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே நாற்காலி, ஒரே ஊசி. தங்கச்சாமியை நான் "வாங்க" என்றுதான் கூப்பிட்டேன். என் அப்பா இருந்து கேட்டிருந்தால் என்னை அடிக்கச் செருப்பைக் கழற்றியிருப்பார்.

ஊரே டாக்டர் என்றபோது தங்கச்சாமி மட்டும் என்னைக் "கம்பவுண்டர் தம்பி" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் தொந்தரவு, பிரியமாகச் சொல்கிறவனை ஒன்றும் செய்ய முடியாது.

அவருடைய வேலை என்ன தெரியுமா? தரை பார்ப்பது. அந்தக் கம்பெனியில் மட்டும் உள்ள வழக்கம் அது. மருந்து நிரப்புகிற அறையில் தரை முழுக்க ரப்பர் விரிப்பு. தினமும் காலையில் கூட்டி, ஈரத்துணி போட்டுத் துடைத்துவிடுவார்கள். அதற்கு மேல் தங்கச்சாமி காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் முழுப் பாரத்தையும் போட்டு, சுவரோரத்திலிருந்து வரிசை வரிசையாக நடப்பார். ஒரு மணல் பருக்கை கிடந்தால் குதிகாலுக்குத் தெரியும். குனிந்து ஈர விரலால் ஒற்றி எடுப்பார். அதுவரை அந்த அறையில் வேலை செய்கிற நான்கு பெண்களும் வெளியே நிற்பார்கள். ஃபோர்மேன் கோட்டைச்சாமி, "அண்ணன் பாத்தாச்சா?" என்று கேட்பார். "பாத்தாச்சு" என்று இவர் சொன்ன பிறகுதான் ஆள் உள்ளே போகும். தரை பார்த்துவிட்டு இவர் நாற்பது கெஜம் தள்ளி இருக்கிற மருந்து கலக்கும் ஷெட்டுக்குப் போய்விடுவார்.

இருபத்தோரு வருஷமாக அந்த அறையில் ஒரு பொறிகூட விழுந்ததில்லையாம். அதற்கு ஒரு மனுஷனின் குதிகால்தான் காரணம் என்று நூற்று எண்பது பேர் நம்பினார்கள். விளக்குமாறும் ஈரத்துணியும் செய்த வேலைக்கு இவருக்கு மரியாதை. வேனில் முன் சீட்டு இவருக்கு. கோயில் கொடை விழாவில் முதல் திருநீறு இவருக்கு. குதிகாலில் பாரம் போட்டு நடந்து நடந்துதான் அவருக்கு அந்த வலியே வந்தது என்பதை யோசிக்கிற மூளை ஒருவருக்கும் இல்லை. நான் சொன்னேன். "அப்பத் தரைய யாரு தம்பி பாப்பாக?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருடைய யோசனை.

முதல் ஊசியை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போட்டேன், மறுநாள் ஞாயிறு லீவு. நல்ல பலன். இரண்டாவது ஊசிக்கு ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். போட்டு அனுப்பினேன். மறுநாள் காலை, வரிசையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது வந்து வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"தம்பி, ஊசி நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா நேத்துக் குதிங்காலு செத்துப்போச்சு. தரையில கெடந்த மண்ணு எனக்குத் தட்டுப்படல. கோட்டைச்சாமி பாத்துட்டு எடுத்துக் காமிச்சாரு, கடுகு தண்டி இருக்கு. எனக்குக் குலை நடுங்கிருச்சு."

"அது மரக்கவைக்கிற மருந்து. சாயங்காலம் சரியாகியிருக்குமே."

"சரியாயிருச்சு. இனிமே எனக்கு அது வேண்டாம். மத்ததை மட்டும் போடுங்க."

"அது இல்லாமல் போட்டால் தாங்கமாட்டீங்க. அலறுவீங்க."

"வலிக்கட்டும். வலி எனக்கு மட்டுந்தான. தரை எல்லாருக்கும்ல."

அத்தோடு போயிருந்தால் நான் மறந்திருப்பேன். போகும்போது திரும்பி, "அடுத்த தடவ என்ன மருந்து ஏத்துதீகன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏத்துங்க தம்பி" என்றார். வரிசையில் இருந்த ஒருத்தி, "எனக்குஞ் சொல்லுங்க டாக்டரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றுவரை என் கையில் இருப்பது என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. சுந்தரபாண்டி டாக்டரிடம்கூட யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குப் பொதுவாகக் கோபம் வராது. ஆனால் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை என்பது உண்மை.

புரட்டாசியில் சீசன் உச்சத்தில் இருந்தது. தீபாவளி லோடு போய்க்கொண்டிருந்தது, கம்பெனிகளில் லீவு கிடையாது. ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே தங்கச்சாமி இருளம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு குதிகாலும் ஊன்ற முடியவில்லை. இப்படியே போனால் இன்றைக்குத் தரை பார்க்க முடியாது, வேறு ஆளைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றார். அதை ஏதோ பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரிச் சொன்னார்.

"மரக்கிறது வேண்டாம் தம்பி. மத்தது மட்டும்" என்றார்.

"அதுதான் போடுறேன்" என்றேன்.

"வலி தாங்குவேன்."

"தாங்கித்தான் ஆகணும்."

இருளம்மாள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் திரும்பி நின்று மருந்தை எடுத்தேன். ஸ்டீராய்டு எடுத்தேன். பிறகு மரக்கவைக்கும் மருந்தை, வழக்கமாக எடுக்கிற அளவைப்போல இரண்டு மடங்கு எடுத்தேன். அவசரப்படவில்லை. முதல் குத்து யாருக்கும் வலிக்கத்தான் செய்யும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பொறுத்தார். பொறுத்ததால் நான் சொன்னது நிஜம் என்று நம்பினார். ஐந்து நிமிஷத்தில் எழுந்து நின்றார். இரண்டடி நடந்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

"வலியே இல்லையே தம்பி."

"சரியான இடத்தில் போட்டால் அப்படித்தான்."

"மரக்கல இல்ல?"

"அந்த மருந்தே போடலையே. வலி போயிருச்சு, அவ்வளவுதான்."

மாதக்கணக்காகக் குதிகாலில் நெருப்பை வைத்துக்கொண்டு நடந்தவருக்கு வலி போனதும் உணர்வு போனதும் ஒன்றாகத்தான் இருக்கும். முன்பாதம் நன்றாக இருந்தது, தரையின் குளிர்ச்சி தெரிந்தது. குதிகால் மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. அது குணமான குதிகால் என்று நான் சொன்னேன், அவர் ஏற்றுக்கொண்டார். "கைராசிக்காரரு" என்றாள் இருளம்மாள். இரண்டு பேரும் வேனில் ஏறினார்கள். அவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார்.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். கொல்வதற்காக என்று நினைத்தால் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ளவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்கத்தான் செய்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், செத்த குதிகாலோடு அவர் தரை பார்க்கட்டும். அறையில் வழக்கம்போல வேலை நடக்கும். சாயங்காலம் வேன் நின்றதும் இந்த வாசலில் கூட்டம் இருக்கும். அத்தனை பேர் முன்னால், "தங்கச்சாமி, இன்றைக்கு உம்ம குதிகால் பிணம். நீர் பாத்த தரை என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த வாக்கியத்தை வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. அன்று காலை ரொம்ப நாளைக்குப் பிறகு நான்கு இட்லி சாப்பிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்குச் சத்தம் வந்தது. தீப்பெட்டிக் கம்பெனிப் பெண் ஒருத்திக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் ஊசி அசையவில்லை, முழு மருந்தும் ஏறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். "எங்கன டாக்டரு?" என்று கேட்டாள். "கிழக்கே" என்றேன். எந்தக் கம்பெனி என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த அறை என்பதும் தெரிந்துவிட்டது. பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டு, இரண்டு நாள் தண்ணீரில் நிற்க வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன்.

நான்கு பெண்களில் இரண்டு பேர் கதவோரம் இருந்ததால் ஓடிவிட்டார்கள். இருளம்மாளும் பானுப்பிரியாவும் ஓடவில்லை. பானுப்பிரியா சின்னப் பெண், அவளுக்கும் இடது காலில் நான் ஒரு ஊசி போட்டிருந்தேன். நன்றாகக் கேட்டிருந்தது. தங்கச்சாமி ஷெட்டிலிருந்து ஓடிவந்து எரிகிற அறைக்குள் நுழையப் போனார். கோட்டைச்சாமியும் இன்னொருவரும் இழுத்துப் பிடித்தார்கள். கை இரண்டும் வெந்துபோனது. கால் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சரளைக் கல்லில் நாற்பது கெஜம் ஓடியிருக்கிறார், குதிகாலில் ஒன்றும் தெரிந்திருக்காது.

அதிகாரிகள் வந்தார்கள். வெடிமருந்துப் பாத்திரத்தை நகர்த்தும்போது அடியில் மணல் அரைபட்டிருக்கிறது என்று எழுதினார்கள். கோட்டைச்சாமியைக் கைது செய்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள். தங்கச்சாமியை யாரும் எதுவும் கேட்கவில்லை. தரை பார்ப்பது என்று ஒரு வேலை எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் அவரே போலீஸ்காரர்களிடம், தாசில்தாரிடம், பானுப்பிரியாவின் புருஷனிடம், ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரனிடம் எல்லாம், "நாந்தான்யா தரை பாத்தேன்" என்று சொன்னார். தானாக வந்து கழுத்தை நீட்டுகிறவனை என்ன செய்வது? எனக்கு அருவருப்பாக இருந்தது.

மயானத்தில் நானும் இருந்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. சினேகா அழவில்லை. அவள் அப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "நீ பாத்த தரையிலதானப்பா அம்மா உக்காந்தா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே சாத்தூரில் தாய்மாமன் முனியராஜ் வீட்டுக்குப் போனவள்தான், இன்றுவரை திரும்பவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் தங்கச்சாமி இங்கே வந்தார். அப்போது கிளினிக்கில் வேறு யாரும் இல்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அன்று முதல் தடவையாக என்னை டாக்டர் என்றார்.

"டாக்டரு, அன்னைக்குப் போட்ட ஊசியில மரக்கிற மருந்து இருந்துச்சா? இருந்தா இருந்துச்சுன்னு சொல்லிருங்க. நான் யாருகிட்டயும் சண்டைக்குப் போகமாட்டேன். உங்க பேரைக்கூட வெளிய சொல்லமாட்டேன். எம்புள்ளகிட்ட மட்டும் சொல்லணும்."

கவனியுங்கள், அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு வார்த்தை. எனக்கு வழக்கு இல்லை, ஜெயில் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் சொன்னால் சொன்னதுதான், அது எனக்குத் தெரியும்.

"இல்லையே" என்றேன்.

அவர் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப எங்குதிங்காலுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு. ஒருக்கா சோதிச்சுப் பாருங்க" என்றார். நியாயமான கோரிக்கை. அவர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். குண்டூசியை எடுத்து வலது குதிகாலில் லேசாக வைத்தேன். அழுத்தக்கூட இல்லை, காலை வெடுக்கென்று இழுத்தார். இடது காலிலும் அப்படியே. பிறகு நானே யோசித்து, வாசலிலிருந்து ஒரு மணல் பருக்கையை எடுத்துத் தரையில் போட்டேன். எழுந்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் நின்றுவிட்டார். கண்ணைத் திறக்காமலே, "இந்தா இருக்கு" என்றார். கடுகில் பாதிகூட இருக்காது அது. இருபத்தோரு வருஷமும் அந்த அறையைக் காப்பாற்றியது என்ன என்பது எனக்கு அப்போது தெரிந்தது. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இப்பத் தெரியுதே டாக்டரு. அன்னைக்கு ஏன் தெரியல?"

"கவனம் எங்கேயாவது போயிருக்கும்" என்றேன்.

எனக்கு இன்றைக்கும் அந்த முகம் நினைவிருக்கிறது. பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"இருக்கும். அன்னைக்கு வலி இல்லையேன்னு ரொம்ப சந்தோசமா இருந்தேன். அவகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே போனேன். அந்தச் சந்தோசத்துல விட்டுட்டேன் போலருக்கு."

மறுநாள் சாத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் மகளிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார். அப்பா அன்றைக்குக் கவனமாக இல்லை என்று. முனியராஜ் முதுகுவலிக்கு இங்கே வந்தபோது சொன்னான். அதுவரை போனையாவது எடுத்துக்கொண்டிருந்த பெண், அதற்கப்புறம் அதையும் எடுப்பதில்லையாம். படிப்பை முடித்துவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போகப் போகிறாளாம், அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளாம். அதையும் நான்தான் தெரிந்துவைத்திருக்கிறேன்.

தங்கச்சாமி இப்போது வேலைக்குப் போவதில்லை. ஊரில் அவரோடு பேசுகிறவர்கள் குறைவு. பானுப்பிரியாவின் வீட்டார் அந்தத் தெருவில் அவர் வந்தால் கதவைச் சாத்துகிறார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நான் டீ சொல்வேன். நாற்காலியில்தான் உட்கார வைக்கிறேன். வலி இல்லை, ஊசியும் கேட்பதில்லை. "நீங்க ஒருத்தருதான் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசுதீக டாக்டரு" என்று போன வாரம் சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நீங்கள் பேனாவை மூடி ரொம்ப நேரமாகிறது. திறந்துகொள்ளுங்கள், எழுதுகிற மாதிரியே சொல்கிறேன். தங்கச்சாமி வேண்டாம் என்று சொன்ன மருந்தை, எதற்காக வேண்டாம் என்கிறார் என்று தெரிந்தே, இரண்டு மடங்காக இரண்டு குதிகாலிலும் ஏற்றினேன். ஏற்றவில்லை என்று அவரிடம் பொய் சொன்னேன். அன்று ஒன்பதே முக்காலுக்கு இருளம்மாளும் பானுப்பிரியாவும் செத்ததற்கு அதுதான் காரணம். அன்று அவர் கவனமாகத்தான் இருந்தார். அப்புறமும் அவர் கேட்டபோது மறுபடி பொய் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைத் தங்கச்சாமியிடம் யாரும் சொல்ல வேண்டாம். தன் தப்பு என்று நினைத்தால் அவர் அதைச் சுமந்துகொண்டு நடப்பார், அவர்கள் சுமந்து பழகிய ஆட்கள். இன்னொருவன் ஏமாற்றினான் என்று தெரிந்தால் மனுஷன் தாங்கமாட்டார். எனக்காகக் கேட்கவில்லை, அவருடைய நன்மைக்காகத்தான் சொல்கிறேன். அவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?